போடிமெட்டு இறக்கத்திலிருந்து ஒரு மடல்

பழைய ஜீப் ஒன்று வாங்கிவிடத் துடிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

சனிக்கிழமை காலையானால் போடியில் ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் உங்களில் யாராவது என்னைப் பிடித்துவிடுகிறீர்கள். சென்னை, கோவை, பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ வருகிறீர்கள். என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வாங்கினா எதை வாங்கலாம்? வில்லிஸா, ஐந்நூத்தி நாப்பதா, ஜிப்ஸியா?" என்று கேட்கிறீர்கள். ஹைவேயிலும் ஓட வேண்டும், மலை மண்பாதையிலும் ஏற வேண்டும், பழைய வண்டியாகவும் இருக்க வேண்டும் என்கிறீர்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஜீப் கூலிக்குப் போகிற வாகனம். விடியுமுன்னே தூக்குவாளியோடு பெண்கள் தெருமுனையில் நிற்பார்கள். ஜீப் வந்து அள்ளிக்கொண்டு போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். என் அம்மா அப்படிப் போனவர். அப்பா அந்த ஜீப்பை ஓட்டியவர். நான் ஸ்டீயரிங்குக்கும் கியர் கம்பிக்கும் நடுவே வளர்ந்தவன். உங்களுக்கு இந்த வண்டிமேல் வருகிற ஆசை எனக்குப் புரிகிறது. அது நல்ல ஆசைதான். ஆனால் ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஏறுவதைப் பற்றியே கேட்கிறீர்கள். இறங்குவதைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

1986 ஐப்பசி. எனக்கு ஒன்பது வயது. தோட்டத்தில் இருந்து திரும்பும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அம்மாவோடு பதினோரு பேர். வண்டி மஹிந்திரா சி.ஜே. 3பி. மழை விட்டு ரோடு பளபளவென்று கிடந்தது. போடிமெட்டிலிருந்து கீழே 17 கொண்டை ஊசி வளைவுகள். நாலைந்து வளைவு இறங்கியிருப்போம். அப்பாவின் கால் சட்டென்று தரையைத் தொட்டது. முன் சக்கரத்துக்குப் போகிற ரப்பர் பிரேக் ஹோஸ் வெடித்திருந்தது. அந்தக் காலத்து ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஓரிடத்தில் எண்ணெய் போனால் நாலு சக்கரத்திலும் பிரேக் கிடையாது.

அப்பா கத்தவில்லை. கிளட்சை இரண்டு முறை மிதித்துத் தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கினார். இன்ஜின் அலறியது. அடுத்து, முன் அச்சைச் சேர்க்கிற குட்டி லீவரைத் தள்ளினார். அதற்குப் பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஏன் அந்த வரிசை என்று பெரியவனான பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில் ஒரு டிரம்மாக இருக்கிறது. பெடலுக்குப் போகிற எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சாதாரணமாக அது பின் சக்கரம் இரண்டை மட்டும் பிடிக்கும். ஃபோர்வீல் போட்டுவிட்டால் பல்சக்கரங்கள் வழியாக முன் சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும். வண்டியை மலைப்பக்கக் கால்வாயில் சாய்த்து, மண் சுவரில் உரசி நிறுத்தினார். எல்லோரும் கீழே இறங்கி நின்றோம். அம்மா அழவில்லை. என் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

ஆகவே என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். ஏறுவதற்கு எந்தப் பழைய ஜீப்பும் ஏறும். அதற்காகவே செய்த வண்டிகள் அவை. உங்கள் வீட்டிலிருந்து மலை அடிவாரம் வரை அது உங்களைப் பத்திரமாகக் கொண்டுவருமா, மலையிலிருந்து திரும்பப் பத்திரமாக இறக்குமா என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் கேள்வியில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சி.ஜே. 3பி-யின் அச்சில் உள்ள கிரவுன் பினியன் விகிதம் 5.38. அதாவது டாப் கியரில் இன்ஜின் 5.38 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஃபர்ஸ்ட் கியரையும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோவையும் சேர்த்தால் இன்ஜின் 37 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. ஐட்லிங்கிலேயே விட்டுவிட்டால் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், கைக்குழந்தையோடு நடக்கிற தாயைப் போல, பாறைமேல் ஊர்ந்து போகும். ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். இந்தச் சுகத்துக்காகத்தான் மலைக்காரர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள்.

அதே 5.38-ஐ எடுத்துக்கொண்டு நாலுவழிச் சாலைக்கு வாருங்கள். மூன்றே கியர், அதற்குமேல் ஓவர்டிரைவ் கிடையாது. மணிக்கு 80-ல் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு 3,100 சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இன்ஜினுக்கு 4,000-தான் உச்சம். எனவே அது நிம்மதியாக ஓடுகிற வேகம் மணிக்கு 60. சென்னையிலிருந்து மதுரைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல். கதவில்லாத வண்டியில், காதுக்குள் காற்று அறைய, பின்னாலிருந்து ஆம்னி பஸ் விளக்கடிக்க, எட்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். போதாததற்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம் 80 அங்குலம்தான். பெரிய லாரி கடந்து போகிற காற்றுக்கே வண்டி ஓரடி விலகும்.

கிரவுன் பினியனை மாற்றிவிட்டால் ஹைவேயில் ஓடுமே என்று சிலர் சொல்வார்கள். ஓடும். ஆனால் பாறையில் ஊர்கிற அந்தச் சுகம் அந்த அளவுக்குப் போய்விடும். ஒரே பல்சக்கரம் இரண்டு ஊருக்கும் வேலை செய்கிறது. இங்கே கூட்டினால் அங்கே குறையும்.

இனி வண்டிகளைப் பற்றி.

1941-ல் அமெரிக்கப் பட்டாளத்துக்காக வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் செய்யத் தொடங்கியது போர்க்கால ஜீப். போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அந்த வம்சத்தில் வந்ததுதான் 1953-ல் வெளியான சி.ஜே. 3பி. அதன் 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வு சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறியதால் இன்ஜின் உயரமாகிப் பானெட்டும் உயர்ந்தது. எங்கள் பக்கம் நீங்கள் பார்க்கிற 'உசந்த மூக்கு' ஜீப் அதுதான். அமெரிக்காவில் 1968-லேயே நிறுத்திவிட்டார்கள். மும்பையில் மஹிந்திரா அதற்குப் பிறகும் வெகுகாலம் செய்தது. அதனால் சாமான் இன்னும் கிடைக்கிறது, வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன. மலையடிவாரத்தில், ஐம்பது கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் தயங்காமல் இதை வாங்குங்கள். வாழ்நாள் முழுக்கக் கூட வரும். சென்னையிலிருந்து ஓட்டி வருகிறவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். எனக்கு மிகவும் பிடித்த வண்டியைத்தான் வேண்டாம் என்கிறேன் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மஹிந்திராவின் எம்.எம். 540 வேறு மாதிரி. 91 அங்குல இடைத்தூரம். 2,112 சி.சி. பியூஜோ டீசல் இன்ஜின். பழைய டீசல்களில் இவ்வளவு மிருதுவானது குறைவு. மலையில் இழுவையும் உண்டு, ரோட்டில் ஓரளவு ஓட்டமும் உண்டு. சிலவற்றில் நாலு கியர், பின்னால் வந்தவற்றில் ஐந்து கியர். ஐந்து கியர் வண்டி அமைந்தால் 70, 75-ல் பேசிக்கொண்டே போகலாம். இதே உடம்பில் டி.ஐ. இன்ஜின் வைத்த ஜீப்புகளும் நிறைய இருக்கின்றன. 2,523 சி.சி., குறைந்த சுற்றில் நல்ல இழுவை, டீசலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் உதறல் அதிகம். மூட்டை ஏற்றுகிறவனுக்கு அது வரம். ஊர் விட்டு ஊர் போகிற உங்களுக்குப் பியூஜோதான் நல்லது. மதுரை, திண்டுக்கல், கோவை ஆட்கள் இதைத் தேடுங்கள்.

ஜோங்கா வேண்டும் என்று நாலைந்து பேர் கேட்டீர்கள். ஜபல்பூரில் பட்டாளத்துக்காகச் செய்த வண்டி. நிசான் பேட்ரோலின் வழி வந்தது. ஆறு சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் இன்ஜின். ஹைவேயில் அதன் கம்பீரத்துக்கு மற்ற எதுவும் நிகரில்லை. ஆனால் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கிடைத்தாலே மகிழ வேண்டும். சாமானுக்கு நாடு முழுக்க ஆள்விட்டுத் தேட வேண்டும். எங்கள் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரே வீச்சில் திரும்புவதும் கடினம். பணமும் பொறுமையும் சொந்தமாக ஒரு மெக்கானிக்கும் உள்ளவர்களுக்கு உரிய வண்டி அது.

மிச்சம் ஜிப்ஸி. இதைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சிலருக்கே கோபம் வரும். இருந்தாலும் சொல்கிறேன்: தூரத்து நகரத்திலிருந்து ஓட்டிவந்து, மலை ஏறி, ஞாயிறு இரவுக்குள் வீடு போய்ச் சேர வேண்டியவருக்குப் பழைய வண்டிகளில் ஜிப்ஸி கிங்தான் சரி. 1985 டிசம்பரில் வந்த முதல் ஜிப்ஸிக்கு 970 சி.சி. இன்ஜின், நாலு கியர். அதன் 45 குதிரைசக்தி ஏற்றத்தில் திணறும். இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் குறைவு என்பதால் வளைவில் பயம் தரும். 1993-ல் அகலத்தைக் கூட்டினார்கள். 1996-ல் வந்த கிங்கில் 1,298 சி.சி. இன்ஜின், ஐந்து கியர், முன்னால் டிஸ்க் பிரேக், அதற்கு பூஸ்டர். 2000-த்தில் வந்த எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினுக்கு 80 குதிரைசக்தி. எடை ஒரு டன் அளவுதான். இந்த எடைக்குறைவுதான் அதன் முழு ரகசியம். மற்ற ஜீப் புதைகிற சேற்றில் ஜிப்ஸி மேலே மேலே போகும். இறக்கத்தில் தடுத்து நிறுத்த வேண்டிய பாரமும் குறைவு. குறை இல்லாமல் இல்லை. நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங் என்பதால் இடுப்பு கழன்றுவிடும். பின் சீட்டு எதிரெதிராக வைத்த பலகைதான். நீண்ட பயணத்தில் அதில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள்.

எந்த வண்டியானாலும் பார்க்கப் போகும்போது அவசரப்படாதீர்கள். பளபளக்கிற பெயின்ட் உங்களைப் பிடிக்கும். பட்டி பூசி பெயின்ட் அடிக்க ஒரு வாரம் போதும், துருப்பிடித்த சேஸைச் சரிசெய்ய ஒரு வாரம் போதாது. பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் சேஸைச் சின்னச் சுத்தியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், உளுத்தது பொத்தென்று விழும். நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று ஓனரிடம் முன்பே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதில்தான் அதன் வயது தெரியும்.

குனிந்து முன் அச்சைப் பாருங்கள். இது முக்கியம். வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கிற ஜீப்புகளில் பல இரண்டு சக்கர இழுவை வண்டிகள். முன் அச்சின் நடுவே டிஃப்ரன்ஷியல் இருக்கும் உருண்டை இருக்கிறதா, அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்ட் வருகிறதா என்று பாருங்கள். டீசலை மிச்சம் பிடிக்க முன் ஷாஃப்டைக் கழற்றிப் போட்ட வண்டிகளும் உண்டு. ஷாஃப்ட் இருந்தால் ஒரு மணல் தரையில் ஃபோர்வீல் லோ போட்டு ஓட்டச் சொல்லுங்கள். அப்படியே ஒரு சரிவில் செகண்ட் கியரில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இறக்கத்தில் உங்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது அந்தக் கியர்தான். துள்ளுகிற வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதே விலைக்கு வாங்காதீர்கள், கியர்பாக்ஸ் வேலைக்கான பணத்தைக் கழித்துப் பேசுங்கள்.

பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிங் பின்னில் ஆட்டம் இருந்தால் 50, 60 வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் பேய் பிடித்ததுபோல் உதறும். ஹைவேயில் அது நடக்கக் கூடாது. பின் டிரம்மைக் கழற்றச் சொல்லுங்கள். அச்சு ஆயில் சீல் கசிந்து பிரேக் லைனிங்கில் ஊறியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தாலே தெரியும். அச்சின் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் ஆற்றில் இறங்கிய வண்டி, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

எதை வாங்கினாலும், வாங்கிய முதல் வாரத்தில் பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர், எண்ணெய் எல்லாம் புதிது. முன் பின் தனித்தனி லைனாகப் பிரிகிற மாஸ்டர் சிலிண்டர் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று நல்ல மெக்கானிக்கிடம் கேளுங்கள். மியூசிக் சிஸ்டமும் பெரிய டயரும் அதற்குப் பிறகு வரட்டும். சீட் பெல்ட் இல்லாத வண்டியென்றால் அதையும் ரோல் பாரையும் முன்னுரிமை கொடுத்து மாட்டுங்கள்.

காகிதத்தில்தான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். ஆர்.சி.யின் ஆயுள் 15 ஆண்டு. அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத வண்டியை 'பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்' என்று விற்றால் நடையைக் கட்டுங்கள். சேஸில் அடித்த நம்பரை நீங்களே விளக்கு வைத்து எழுத்தெழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இன்னொன்று. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் 'வின்டேஜ்' என்று தனிப் பதிவு வந்தது. பெரிதாக மாற்றாத பழைய வண்டியைப் புதிதாகப் பதிந்தால் அதற்கென்று தனி நம்பர் தருவார்கள், 10 வருடத்துக்கு 20,000 ரூபாய் கட்டணம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று சில காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்கு ஆகாது. வாரக் கடைசியில் மலைக்கு வர நினைக்கிற நீங்கள் சாதாரணப் பதிவில் உயிரோடு இருக்கிற வண்டியைத் தேடுங்கள்.

ஓட்டுவதில் ஒரே ஒரு விஷயம் சொல்லி விடுகிறேன். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்வீல் போடாதீர்கள். வளைவில் முன் சக்கரம் ஒரு தூரமும் பின் சக்கரம் வேறு தூரமும் ஓடும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க இந்த வண்டிகளின் நடுவே டிஃப்ரன்ஷியல் இல்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கிராஸிலும் ஏறி, கடைசியில் ஏதாவது ஒன்று ஒடியும். மண்ணும் சேறும் வரும்போது போடுங்கள். பட்டையான லக் டயர் மழையில் நனைந்த தாரில் வழுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஹைவே அதிகம் ஓடுகிறவர்கள் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான டயரே போடுங்கள்.

பாதை இருக்கிற இடத்தில் மட்டும் ஏறுங்கள். மேகமலைப் பக்கம் 2021-லிருந்து புலிகள் காப்பகம். ஓடைக்குள் வண்டியை இறக்கிப் படம் எடுப்பதைப் பார்க்கும்போது என் நெஞ்சு பதறுகிறது. அந்தத் தண்ணீரைக் கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். விடிகாலையில் எதிரே ஆட்களை ஏற்றிய ஜீப் வந்தால் ஓரம் கட்டி வழிவிடுங்கள். தாமதமானால் அதில் இருப்பவர்களுக்கு ஒருநாள் கூலி போய்விடும்.

வண்டி பார்த்து முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஓனரைச் சம்மதிக்க வைத்து மலையடிவாரத்தில் இருக்கிற முந்தலுக்குக் கொண்டுவாருங்கள். நான் பக்கத்தில் உட்காருகிறேன். மேலே மெட்டு வரை நீங்கள் ஓட்டுங்கள், ஒரு டீ குடிப்போம், பிறகு செகண்ட் கியரில் 17 வளைவும் இறங்குவோம். அடிவாரத்தில் நாலு சக்கரத்துப் பிரேக்கையும் தொட்டுப் பார்த்து என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். வரும்போது அந்த வண்டிக்குப் பொருந்துகிற பிரேக் ஹோஸ் ஒன்று கூடுதலாக வாங்கி டேஷ்போர்டில் போட்டு வாருங்கள்.

அன்புடன்,
போடியிலிருந்து, ஒரு தோட்ட ஜீப் டிரைவரின் மகன்